வேகமான தோட்டாவா, சீரான தோட்டாவா?

ரைஃபிள் சுடப் பழக வரும் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இதைவிட ஸ்பீடான தோட்டா கிடைக்குமா? அதைப் போட்டா ஸ்கோர் ஏறும் இல்ல?" கடலூரிலும் கேட்டிருக்கிறேன், புதுச்சேரியிலும் கேட்டிருக்கிறேன். ஏறாது தம்பி, பல நேரம் இறங்கத்தான் செய்யும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வேகம் கூடினால் குண்டு நேராகப் போகும், நேராகப் போனால் குறி தப்பாது என்று மனசு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே பொறுமையாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் துப்பாக்கி சுடுதலில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

முதலில் தோட்டா. பலர் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்த ஒரு பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி கக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து (சுருக்கமாக மருந்து), வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைத் தட்டுகிறது, பிரைமர் மருந்தைப் பற்ற வைக்கிறது, மருந்து மிக வேகமாக எரிந்து வாயுவாகிறது, அந்த வாயு குண்டைக் குழல் வழியாகத் தள்ளி வெளியே அனுப்புகிறது. எல்லாம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஓரிரண்டு பங்குக்குள் முடிந்துவிடும். குழலை விட்டு வெளியே வரும் அந்தக் கணத்தில் குண்டுக்கு இருக்கும் வேகத்தைத்தான் குழல்வாய் வேகம் என்கிறோம். தோட்டா டப்பாவில் அச்சடித்திருப்பதும் அதுதான்.

வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் போட்டுத் தானே தோட்டா செய்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஹேண்ட்லோடிங் என்பார்கள். வேட்டைக்குப் போகிறவர்களும் செய்கிறார்கள், போட்டியில் சுடுகிறவர்களும் செய்கிறார்கள். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் சேர்ந்து வேட்டையையும் முடிந்துபோன கதை ஆக்கிவிட்டன. ஆகவே எந்த மருந்தை எத்தனை போடுவது என்கிற செய்முறைக்குள் நான் போகப் போவதில்லை. ஆனால் அவர்கள் ஏன் அப்படி உட்கார்ந்து மெனக்கெடுகிறார்கள் என்பதில் நமக்குத் தேவையான பாடம் முழுக்க இருக்கிறது. கடையில் வாங்கிச் சுடும் நமக்கும் அது அப்படியே பொருந்தும்.

குழல்வாய் வேகத்தைப் பற்றிப் பேசும்போது கடலூர்க்காரர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். அதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டிய மனிதர் உயிர் விட்டது நம் தேவனாம்பட்டினத்தில்.

பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்துக் கணித அறிஞர். 1742இல் பீரங்கி, துப்பாக்கி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது எவ்வளவு முக்கியமான வேலை என்றால், கணித மேதை லெயோன்ஹார்ட் ஆய்லரே 1745இல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தன் குறிப்புகளையும் சேர்த்தார். 1746இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக அனுப்ப, 1750இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சென்னையை 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததிலிருந்து கம்பெனியின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. வடக்கே கூப்பிடு தூரம் போல புதுச்சேரியில் பிரெஞ்சுப் படை. வந்து ஒரு வருஷம் ஆகும்போது, 1751 ஜூலையில், காய்ச்சலில் இறந்துபோனார். வயது நாற்பத்து நாலுதான். அதே தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். பள்ளிப் பாடத்தில் பெயர் வரக்கூடிய ஒருவர், நம் கெடிலம் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடைசி நாட்களைக் கழித்திருக்கிறார்.

அவர் வேகத்தை அளந்த விதத்தைப் பாருங்கள். மின்சாரம் இல்லாத காலம், நொடியை ஆயிரமாகப் பிரிக்கும் கடிகாரம் இல்லாத காலம். ஒரு கனமான மரப்பலகையை ஊஞ்சல் மாதிரி மேலிருந்து தொங்கவிட்டார். அதன் மேல் குண்டைச் சுட்டார். குண்டு பலகைக்குள் புதைந்து நின்றுவிடும், பலகை பின்னால் ஆடும். பலகையின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி அதன் மறுமுனையை ஓர் இடுக்கில் நுழைத்து வைத்திருந்தார். பலகை பின்னால் போகும்போது நாடாவை இழுத்துக்கொண்டு போகும், திரும்பும்போது நாடா தொளதொளவென்று அங்கேயே நிற்கும். எவ்வளவு நாடா வெளியே வந்திருக்கிறது என்று அளந்தால் பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் கருவி.

கணக்கு நமக்கும் வரும். 10 கிராம் குண்டு 500 மீட்டர் வேகத்தில் (நொடிக்கு) வந்து 10 கிலோ பலகையில் புதைகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை ஆயிரம் மடங்கு, ஆகவே வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு: பலகை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும். அந்த வேகத்தில் தொடங்கிய பலகை சுமார் 1.3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறித் திரும்பும். கண்ணால் பார்க்க முடியாத 500 மீட்டர் வேகம், கையால் அளக்கக்கூடிய ஒன்றேகால் சென்டிமீட்டராக மாறிவிட்டது. பிளஸ் ஒன் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் உந்த அழிவின்மை விதியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அளந்தபோது அவருக்கே ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. பக்கத்தில் வைத்துச் சுட்டால் வரும் வேகமும் தள்ளி வைத்துச் சுட்டால் வரும் வேகமும் பெரிதும் மாறின. அதுவரை காற்று ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மஸ்கெட் என்கிற அந்தக் காலத்து நீளத் துப்பாக்கியின் குண்டு முழு வேகத்தில் போகும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும் விசை, அந்தக் குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். நூறு மடங்கு! கீழே இழுக்கும் புவியீர்ப்பு ஒரு பங்கு என்றால் பின்னால் இழுக்கும் காற்று நூறு பங்கு. குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே குண்டு வேகத்தை இழந்துகொண்டே போகிறது என்பதை அந்த ஊஞ்சல் பலகைதான் உலகத்துக்குக் காட்டியது.

சரி, நம் ரைஃபிளுக்கு வருவோம்.

போட்டியில் சுடும் .22 தோட்டாவின் (குழல் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம் என்பதால் அந்தப் பெயர்) குண்டு சுமார் 2.6 கிராம். வேகம் நொடிக்கு 325 மீட்டர் அளவில் இருக்கும். 50 மீட்டர் தூரத்தில் உள்ள குறி அட்டையை அடைய அதற்கு ஏறக்குறைய 0.16 நொடி ஆகும். அந்த 0.16 நொடியும் புவியீர்ப்பு சும்மா இருக்காது. கையிலிருந்து நழுவிய கல் எப்படி விழுமோ அதே வேகத்தில்தான் குண்டும் விழுந்துகொண்டு போகிறது. கணக்குப் போட்டால் 12.5 சென்டிமீட்டர். ஒரு ஜாண் கூட இல்லை, ஆனால் நம் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். குறிபார்க்கும் கருவியைத் திருகி, குழலை அந்த 12.5 சென்டிமீட்டருக்கு ஈடாக மிகச் சிறிய கோணத்தில் மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். அதனால்தான் விழுந்தும் நடுவில் படுகிறது. விழுவது பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு விழுந்தால் போதும்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஒரு தோட்டா 325 மீட்டர் வேகத்திலும் அடுத்த தோட்டா 315 மீட்டர் வேகத்திலும் போனால் என்ன ஆகும்? வேகம் 3 சதவீதம் குறைந்தால் பயண நேரம் 3 சதவீதம் கூடும், விழும் தூரம் நேரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் 6 சதவீதம் கூடும். 12.5 சென்டிமீட்டரில் 6 சதவீதம் என்றால் ஏழரை மில்லிமீட்டர். நீங்கள் மூச்சடக்கி, விசையைப் பூப்போல இழுத்து, எல்லாம் சரியாகச் செய்தும், குண்டு ஏழரை மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. நட்டநடுவில் விழ வேண்டியது பத்தின் ஓரத்துக்குப் போய்விடும், ஏற்கனவே கொஞ்சம் கீழே இருந்த பத்து ஒன்பதாகிவிடும். தப்பு உங்கள் மேல் இல்லை, தோட்டாவின் மேல். ஆனால் அட்டையைப் பார்க்கிற நீங்கள் உங்களைத்தான் திட்டிக்கொள்வீர்கள், அடுத்த முறை கையை மாற்றுவீர்கள், தோளை மாற்றுவீர்கள், நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வீர்கள். பழகும் பிள்ளைகள் இப்படித்தான் வீணாகக் குழம்பிப்போகிறார்கள்.

இப்போது இரண்டு டப்பா தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து சுட்டு வேகத்தை அளந்தோம் என்று வையுங்கள். முதல் டப்பா: 322, 326, 324, 327, 321. இரண்டாவது டப்பா: 335, 318, 330, 312, 325. இரண்டுக்கும் சராசரி 324தான், கூட்டிப் பாருங்கள். சராசரியை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் முதல் டப்பாவில் அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே வித்தியாசம் 6 மீட்டர், இரண்டாவதில் 23 மீட்டர். அட்டையில் இது எப்படித் தெரியும் என்றால், வேக வித்தியாசத்தால் மட்டும் முதல் டப்பா மேலும் கீழுமாகச் சுமார் 4.5 மில்லிமீட்டர் பரவும், இரண்டாவது 17 மில்லிமீட்டருக்கு மேல் பரவும். பத்து வட்டமே 10.4 மில்லிமீட்டர் என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது டப்பாவை வைத்துக்கொண்டு உலக சாம்பியன் வந்து சுட்டாலும் ஐந்தும் பத்தாக விழாது.

இந்தச் சிதறலை ஒரே எண்ணில் சொல்வதற்குத்தான் திட்ட விலக்கம் என்று பள்ளியில் படித்தோமே, அது. ஒவ்வொரு வேகமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதை இருமடியாக்கி, கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. முதல் டப்பாவுக்கு 2.5, இரண்டாவதற்கு 9.2. ஹேண்ட்லோடிங் செய்கிறவர்கள் இந்த எண்ணைக் குறைக்கத்தான் இராப்பகலாக உழைக்கிறார்கள்.

எப்படிக் குறைக்கிறார்கள்? ஒவ்வொரு கூட்டிலும் போகிற மருந்தைத் தராசில் தனித்தனியாக நிறுத்துப் போடுகிறார்கள், தங்கம் நிறுக்கும் நுணுக்கத்தோடு. பித்தளைக் கூடுகள் எல்லாம் ஒரே தயாரிப்பா, ஒரே நீளமா, ஒரே கொள்ளளவா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள், ஏனென்றால் உள்ளிடம் குறைந்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வேகம் மாறும். கூட்டின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் பிடி எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றில் இறுக்கமாகவும் ஒன்றில் தளர்வாகவும் இருந்தால் குண்டு புறப்படும் நேரமே மாறிவிடும். குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் செருகுவது என்பதைக்கூட மில்லிமீட்டரில் சிறு பின்னமாக மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். இப்படிச் செய்த தோட்டாக்களை ஒரு வேகமானிக்கு முன்னால் சுட்டு எண்களை எழுதிக்கொள்கிறார்கள். ராபின்ஸின் பலகை செய்த வேலையை இப்போது இரண்டு ஒளி உணரிகள் செய்கின்றன. முதலாவதைக் குண்டின் நிழல் கடந்ததிலிருந்து இரண்டாவதைக் கடக்க எவ்வளவு நேரம் என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். உணரிகளுக்கு இடையே ஒரு மீட்டர் இருந்தால், 325 மீட்டர் வேகக் குண்டு கடக்க ஆயிரத்தில் மூன்று பங்கு நொடிதான்.

வேட்டைக்காரர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேகம் கேட்பதற்கு அவர்களுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. நாம் சுடும் அட்டை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும், காட்டில் நிற்கும் மான் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று யாரும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள். வேட்டைக்குப் பயன்படும் .308 என்கிற பெரிய ரைஃபிளில் நொடிக்கு 800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேகத்தில் போகும் குண்டை 200 மீட்டருக்குக் குறி பொருத்தி வைத்தால், 300 மீட்டரில் அது ஏறக்குறைய ஒரு அடி கீழே படும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ போய்ச் சாகும். வேகம் கூடினால் அந்த வளைவு கொஞ்சம் தட்டையாகும், கணிப்பில் வரும் பிழையைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் அவர்களும் ஓர் எல்லைக்கு மேல் போவதில்லை. மருந்தைக் கூட்டக் கூட்ட வேகம் மெதுவாகத்தான் ஏறும், அழுத்தமோ மடமடவென்று ஏறும். .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்குக்கு மேல். அது நம் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது. அதைத் தாண்டினால் குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் பூட்டு உடையும், கண் போகும், உயிரும் போகும். அனுபவமுள்ளவர்களின் மிகத் துல்லியமான தோட்டா பெரும்பாலும் உச்ச வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் அமைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

.22 தோட்டாவை இப்படிக் கையால் செய்ய முடியாது. அதில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசியிருக்கும், ஒருமுறை சுட்டால் அந்த விளிம்பு நசுங்கிவிடும், அவ்வளவுதான். ஆகவே .22 சுடுகிறவர்கள் வேறு வழி பிடித்தார்கள்: லாட் சோதனை. லாட் என்றால் தொழிற்சாலையில் ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாக்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் டப்பாவில் அச்சடித்த லாட் எண் வேறாக இருந்தால் உங்கள் ரைஃபிளில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெரிய போட்டிக்குப் போகிறவர்கள் ரைஃபிளை ஒரு பிடிமானத்தில் இறுக்கி வைத்து, பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அந்த லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளின் பெல்லட்டிலும், அதாவது அதில் போடும் சின்னக் குண்டிலும், இதே கதை. 4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்று பொதுவாகச் சொன்னாலும் தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தனித்தனி டப்பாவாக வரும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு, பேனா முனையில் வைத்த புள்ளி அளவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்தப் பொட்டைச் சுட்டுத்தான். அங்கே பெல்லட்டின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் சுற்றுவட்டாரம், .22 வேகத்தில் பாதிதான் வரும். உலகத்திலேயே மிகத் துல்லியமான சுடுதலில் ஒன்று மிக மெதுவான குண்டால் நடக்கிறது! வேகம் கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் சுழற்சி. பழைய மஸ்கெட் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். குண்டு சுவரில் எங்கே உரசுகிறதோ அதற்கேற்றபடி தாறுமாறாகச் சுழன்று வெளியே வரும், சுழற்சிக்கேற்ப காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளும். இதையும் நிரூபித்துக் காட்டியவர் ராபின்ஸ்தான். ஒரு மஸ்கெட் குழலின் முனையை இடப்பக்கமாக லேசாக வளைத்துவிட்டு, வழியில் மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். முதலில் இருந்த திரைகளில் ஓட்டை இடப்பக்கம் விழுந்தது, எதிர்பார்த்த மாதிரியே. ஆனால் தூரம் போகப் போகக் குண்டு திரும்பி வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. வளைந்த குழலில் உருண்டு வந்ததால் ஏற்பட்ட சுழற்சி அதைத் திருப்பியிருக்கிறது. கிரிக்கெட்டில் சுழல்பந்து காற்றிலேயே விலகுவதற்குக் காரணமும் இதே விளைவுதான். ரைஃபிள் குழலுக்குள் திருகு போல வெட்டிய பள்ளங்கள் இந்தத் தொல்லையை அடக்குகின்றன. குண்டு போகிற திசையையே அச்சாக வைத்துச் சுழல்வதால் எந்தப் பக்கமும் சாயாமல் மூக்கு முன்னால் இருக்கும்படி போகிறது. .22 குழலில் பள்ளம் 16 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று. 325 மீட்டர் வேகத்தில் நொடிக்கு 800 சுற்று என்று ஆகிறது, நிமிடத்துக்கு 48,000.

இனி, ஒலியின் வேகம். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். நம் ஊர் வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர் வேகத்தில் போகிறது. போட்டித் தோட்டா 325, அதற்குக் கீழேயே இருக்கிறது. 'ஹை வெலாசிட்டி' என்று போட்ட .22 தோட்டா 380 அளவில் கிளம்பும், அதாவது ஒலியை மிஞ்சிக் கிளம்பி, வழியிலேயே வேகம் குறைந்து, அட்டையை அடையும் முன்னரோ அடையும் தறுவாயிலோ ஒலியின் வேகத்துக்கு வந்துவிடும். அந்த இடம்தான் மோசமான இடம். அங்கே காற்றின் எதிர்ப்பு திடீரென்று மாறுகிறது, குண்டு தடுமாறுகிறது. அதைவிட வியப்பு, பக்கக் காற்றில் அந்த வேகமான தோட்டாதான் மெதுவானதைவிட அதிகம் விலகும். பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது பயண நேரத்தை மட்டும் பொறுத்ததில்லை. காற்றால் எவ்வளவு நேரத்தைக் குண்டு வழியில் இழந்தது என்பதைப் பொறுத்தது. ஒலியைத் தாண்டிய வேகத்தில் எதிர்ப்பு அதிகம், இழப்பு அதிகம், விலகலும் அதிகம்.

கடற்கரை ஊரில் சுடுகிறவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும்போது, நொடிக்கு 3 மீட்டர் என்கிற மெல்லிய பக்கக் காற்றே போட்டித் தோட்டாவை 50 மீட்டரில் 17 மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்திவிடும். சட்டைக் காலர் படபடக்காத காற்று அது. ஆகவே தோட்டாவைச் சோதிக்க வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள், காற்று எழுவதற்கு முன்னால். மதியம் சுட்ட அட்டையை வைத்துத் தோட்டாவுக்கு மார்க் போடாதீர்கள்.

என்.சி.சி. முகாமில் .22 பிடித்தவர்களுக்குக் குரூப்பிங் என்ற சொல் தெரிந்திருக்கும். ஐந்து குண்டும் எங்கே விழுந்தது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பது வேறு கேள்வி. அட்டையின் ஓரத்தில் ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்தால் மகிழ்ச்சியாக இருங்கள், இரண்டு திருகு திருகினால் அது நடுவுக்கு வந்துவிடும். நடுவைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிதறினால் எந்தத் திருகும் அதைச் சேர்க்காது. அங்கே தோட்டாவையோ உடல் நிலையையோதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, மூன்று குண்டு நெருக்கமாக விழுந்ததும் 'இந்தத் தோட்டா பிரமாதம்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மூன்று குண்டு அதிர்ஷ்டத்தாலும் சேரும். குறைந்தது பத்து சுட்டுப் பாருங்கள், முடிந்தால் அப்படி இரண்டு அட்டை.

சோதிக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள். தோட்டா டப்பாவை வெயிலில் வைக்க வேண்டாம். மருந்து சூடானால் வேகமாக எரியும், வேகம் கூடும், குண்டு மேலே போகும். அக்னி நட்சத்திர நாளில் பைக் பெட்டியில் கிடந்த டப்பாவையும் நிழலில் இருந்த டப்பாவையும் கலந்து சுட்டால் அட்டை இரண்டாகப் பிரிந்து காட்டும். சுட்ட தோட்டாவின் வகை மாறினால் குழலுக்குள் படியும் மெழுகும் ஈயமும் மாறும், அதனால் புது வகைக்கு மாறியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். குழலைத் துடைத்து முடித்த உடனேயும் அப்படித்தான். ரைஃபிளைக் கையால் தாங்காமல் மணல் பையின் மேல் வைத்துச் சுடுங்கள், அப்போதுதான் தோட்டாவின் குறை எது, உங்கள் குறை எது என்று பிரித்துப் பார்க்க முடியும். சிதறல் மேல் கீழாக நீண்டிருந்தால் வேக வித்தியாசத்தைச் சந்தேகப்படுங்கள், பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்றையோ விசை இழுக்கும் விரலையோ சந்தேகப்படுங்கள்.

வேகமானி எல்லாரிடமும் இருக்காது. பரவாயில்லை. 50 மீட்டர் அட்டையில் மேல் கீழ் சிதறலை ஸ்கேலால் அளந்தாலே போதும், வேகத்தின் சீர்மை கிட்டத்தட்ட அதில் தெரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், வெயில், காற்று, லாட் எண், மேல் கீழ் அளவு, பக்கவாட்டு அளவு என்று எழுதி, அட்டையையும் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த டப்பா வாங்கப் போகும்போது அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், "இதே லாட் எண் இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் கைவசம் உள்ள பணத்துக்கு எத்தனை டப்பா வருமோ அத்தனையும் வாங்கிவிடுங்கள், டப்பாவின் மேல் என்ன வேகம் போட்டிருந்தாலும் சரி.